ஃப்ளாஷும் அந்தி வெளிச்சமும் பின்னே ஒரு ஆயாவும்

ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலைகாட்டலை. இன்னிக்கு உட்கார்ந்து தட்டறதுக்குக் காரணம் ஒரு சின்ன எரிச்சல்.

படம் புடிக்கிற நம்ம ஆளுங்க ரெண்டு கட்சியா பிரிஞ்சு நிக்கறாங்க. முதல் கட்சி, "ஃப்ளாஷா? சீச்சீ... நான் இயற்கை வெளிச்சத்துல மட்டுந்தான் எடுப்பேன்" கட்சி. ரெண்டாவது, "எதுக்குய்யா வம்பு, ஆட்டோல போட்டுத் தட்டு, ஃப்ளாஷ் அதுவா வந்தா வரட்டும்" கட்சி. இது போதாதுன்னு, "உங்க செட்டிங் என்ன தல? சொன்னா அதையே வெச்சுக்குவேன்" அப்படீன்னு கேக்கற மூணாவது கட்சி ஒண்ணு.

என்னைக் கேட்டா மூணு கட்சியும் தப்பு. ஃப்ளாஷ் வேணும். ஆனா அது வெயிலுக்குத் துணையா வரணும், வெயிலை விரட்டிட்டு அந்த இடத்துல வந்து உட்காரக்கூடாது. எவ்வளவு துணைங்கிறதை கேமராவும் சொல்லாது, நானும் சொல்ல முடியாது. உங்க ஊர் வெளிச்சத்துல, உங்க ஜனங்க முகத்துல, நீங்களேதான் கண்டுபுடிக்கணும். இதை நான் எந்தப் புத்தகத்துலயும் படிச்சுத் தெரிஞ்சுக்கலை. ஒரு ஆயா படத்தைக் கெடுத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அந்தக் கதையை மொதல்ல சொல்லிடறேன்.

நமக்கு ஊரு கள்ளக்குறிச்சி. 2008-ல நடந்தது இது. அப்போ நாங்க விழுப்புரம் மாவட்டம் (2019 நவம்பர்லதான் தனி மாவட்டம் ஆனோம்). கூடப் படிச்ச நண்பனுக்கு வீடு கல்வராயன் மலை மேல. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, வளைஞ்சு வளைஞ்சு ஏறினா வெள்ளிமலை. அதுக்கும் அந்தாண்ட ஒரு சின்ன கிராமம். மொத மொதலா சம்பளத்துல வாங்கின டிஜிட்டல் கேமராவைக் கழுத்துல மாட்டிக்கிட்டு, ஒரு மார்கழி மாசம் பைக்ல போய் இறங்கினேன்.

சாயங்காலம். மலையில பொழுது நம்ம ஊர் மாதிரி மெல்ல சாயாது. எதிர்முகட்டுக்குப் பின்னால சூரியன் பொசுக்குனு விழுந்துடும், ஆனா வானம் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் ஆரஞ்சாவே நிக்கும். நண்பனோட ஆயா (அவன் அம்மாவைப் பெத்தவங்க) திண்ணையில உட்கார்ந்து, காயவெச்ச கடுக்காயை முறத்துல அள்ளிக்கிட்டு இருந்தாங்க. நல்ல கறுப்பு. நெத்தியில பச்சை குத்தின பொட்டு. சிரிச்சா ரெண்டு கண்ணும் சுருக்கத்துக்குள்ள காணாமப் போயிடும். பின்னால மரவள்ளிக் கொல்லை, அதுக்குப் பின்னால அந்த வானம்.

"என்னைப் போயி எதுக்கு சாமி புடிக்கிற?"ன்னாங்க. ஆனா முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டாங்க. நான் ஆட்டோல வெச்சுத் தட்டினேன். ஃப்ளாஷ் பளீர்னுச்சு. ஆயா கண்ணைக் கசக்கினாங்க. அவ்வளவுதான், நான் எடுத்தது அந்த ஒரே படம்.

ஊருக்கு வந்து கம்ப்யூட்டர்ல பார்த்தா வானத்தைக் காணோம். கொல்லையைக் காணோம். கும்மிருட்டு நடுவுல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஒரு முகம், அதுல பச்சைப் பொட்டும் இல்லை, சுருக்கமும் இல்லை. நான் அப்போ அதைப் பெருசா எடுத்துக்கலை. 'இருட்டுல எடுத்தா இப்படித்தான் வரும்'னு விட்டுட்டேன்.

2011-ல ஆயா போய்ச் சேர்ந்துட்டாங்க. அவங்களைத் தனியா எடுத்த படம் உலகத்துலயே அது ஒண்ணுதான். பெருசாக்கி, ஃப்ரேம் போட்டு, மாலை போட்டாச்சு. பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனப்போ நண்பன் அந்தப் படத்தைப் பார்த்துக்கிட்டே மெதுவா சொன்னான்: "மச்சி, தப்பா நெனச்சுக்காத... இது எங்க ஆயா மாதிரியே இல்லடா."

திரும்ப வந்து அந்த ஃபைலைத் திறந்து என்னென்னமோ பண்ணிப் பார்த்தேன். டிஜிட்டல் படத்துல ஒரு இடம் முழுசா வெளுத்துப் போச்சுன்னா அங்க தகவலே கிடையாது. இருட்டா இருக்கற இடத்தையாவது கொஞ்சம் தூக்கிக் காட்டலாம். வெந்து போனதை ஒண்ணும் பண்ண முடியாது. அந்தப் பொட்டு வரவே இல்லை.

சரி, என்னதான் தப்பு நடந்துச்சு?

ஃப்ளாஷோட எடுக்கற ஒவ்வொரு படமும் உண்மையில ஒண்ணு மேல ஒண்ணு விழுந்த ரெண்டு படம். ஒரு வாளி, ரெண்டு குழாய்னு வெச்சுக்குங்க. முதல் குழாய் இயற்கை வெளிச்சம். ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கோ அவ்வளவு நேரம் ஊத்தும். ரெண்டாவது குழாய் ஃப்ளாஷ். அது ஆயிரத்துல ஒரு பங்கு நொடி, சில சமயம் அதைவிடக் குறைச்சலான நேரத்துல மொத்தத்தையும் கொட்டிட்டு மூடிக்கும். அதனால ஷட்டரை 1/125 வெச்சாலும் 1/30 வெச்சாலும் ஃப்ளாஷ் வெளிச்சம் முகத்துல அதே அளவுதான் விழும். மாறுறது பின்னணி மட்டுந்தான். அப்பர்ச்சரும் ஐ.எஸ்.ஓ.வும் ரெண்டு குழாயையும் சேர்த்துக் கூட்டும் குறைக்கும். ஃப்ளாஷை மட்டும் மாத்தணும்னா அதோட பவரைக் குறைக்கணும், இல்ல தள்ளி வைக்கணும். தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் நாலுல ஒரு பங்காயிடும்.

என் கேமரா அன்னிக்கு ஆட்டோல என்ன பண்ணுச்சு? கை நடுங்கிடப் போகுதுன்னு ஷட்டரை வேகமா வெச்சு முதல் குழாயை அடைச்சிடுச்சு. போச்சு வானம். பின்னணி இருட்டா இருக்கேன்னு ரெண்டாவது குழாயை முழுசாத் திறந்துவிட்டுச்சு. போச்சு ஆயா.

இதுல இன்னொரு விஷயமும் இருக்கு, அதுதான் எனக்கு முக்கியமாப் படுது. கேமராவோட மீட்டருக்கு மனுசன் தெரியாது. எதைப் பார்த்தாலும் நடுத்தரமான ஒரு சாம்பல் நிறம்னு நெனச்சு அளக்கும். ஒரு கறுப்பு முகம் ஃப்ரேமை அடைச்சுக்கிட்டு இருந்தா, 'ஐயோ வெளிச்சம் பத்தலை'ன்னு ஏத்திவிட்டு முகத்தை வெளுக்கவைக்கும். அதே ஆள் வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில முழுசா நின்னா, 'வெளிச்சம் ஜாஸ்தி'ன்னு குறைச்சு முகத்தைக் கரியாக்கும். நம்ம ஊர்க் கல்யாண ஆல்பம் எதை வேணா பிரிச்சுப் பாருங்க, ரெண்டு கூத்தும் இருக்கும்.

இது இன்னிக்கு நேத்துக் கதை இல்லை. 1950கள்ல இருந்து கோடாக் கம்பெனி, பிரிண்ட் போடற லேப்களுக்குக் கலர் சரிபார்க்க ஒரு அட்டை அனுப்பும். அதுல இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பொண்ணோட படம். 'ஷெர்லி கார்டு'ன்னு அதுக்குப் பேரே உண்டு. அந்தத் தோல் சரியா வந்தா கலர் சரின்னு அர்த்தம். மத்தவங்க தோல் எப்படி வந்தா யாருக்கென்ன. கனடா நாட்டு ஆய்வாளர் லோர்னா ராத் 2009-ல இதைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினாங்க. பழுப்பு நிறத்துல பேதம் சரியாத் தெரியலைன்னு அப்போ கோடாக்கை நெருக்கினது யார் தெரியுமா? மர நாற்காலி செய்யறவங்களும் சாக்லேட் கம்பெனிக்காரங்களும்! பல நிறத்துப் பெண்களும் இருக்கற அட்டை வர்றதுக்கு 1990கள் ஆச்சு. கூகுள் 2021-ல பிக்சல் 6 போன் விட்டப்போ, கறுப்புத் தோலும் சரியா விழற மாதிரி கேமராவைச் சீர்பண்ணியிருக்கோம்னு தனியா விளம்பரமே பண்ணுச்சு. அவ்வளவு வருசம் கழிச்சும் அது சொல்லிக்க வேண்டிய சேதியாத்தான் இருந்திருக்கு.

அவங்களை மட்டும் சொல்லி என்ன பிரயோஜனம். "கொஞ்சம் வெள்ளையா வர்ற மாதிரி எடுங்க சார்"னு ஸ்டூடியோவுல கேக்கறவங்க நாமதானே. முகத்தை வெளுத்துக் காட்டற போன் ஆப்புக்கு அடிமையானதும் நாமதான். அப்புறம் செத்துப்போன ஆயா படத்துல ஆயாவைக் காணோம்னு அழுது என்ன பண்ண?

மரச் சாமான்னு சொன்னதும் எங்க ஊர் சமாச்சாரம் ஒண்ணு. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. ஒரு தடவை சிற்பம் செதுக்கற ஒரு ஆசாரியைப் படம் எடுக்கப் போனேன். தகரக் கொட்டகை, ஒரு பக்கம் மட்டும் திறப்பு. நான் நேரா நின்னு ஃப்ளாஷ் அடிச்சு, எடுத்ததைக் காட்டினேன். மனுசன் பார்த்துட்டு, "என்னா சார், பலகையில பெயிண்ட்ல வரைஞ்ச மாதிரி இருக்கு"ன்னார். அப்புறம் சிற்பத்தைத் திறப்புப் பக்கமா லேசாத் திருப்பி வெச்சு, "வெளிச்சம் பக்கவாட்டுல வந்தாத்தான் சார் உளி எவ்வளவு இறங்கியிருக்குனு தெரியும். நேரா வந்தா எல்லாம் சமமாயிடும்"னார்.

எவ்வளவு காசு கொடுத்து எந்த வகுப்புக்குப் போனாலும் இதைவிட ஒழுங்கா யாரும் சொல்லித் தர மாட்டாங்க. முகமும் செதுக்கினதுதானே! கறுப்புத் தோலுக்கு இது இன்னும் அதிகம் பொருந்தும். அந்தத் தோல்ல உருவத்தைக் காட்டறது அதோட மினுமினுப்புதான். பக்கத்துல இருந்து அகலமா, மெதுவா வர்ற வெளிச்சத்துல கன்ன எலும்பு மின்னும், நெத்தி மின்னும். நேருக்கு நேர் அடிச்சா எண்ணெய் வடிஞ்ச மாதிரி ஒரு வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும்.

அப்ப ஃப்ளாஷே வேண்டாம்கற முதல் கட்சி சொல்றதுதானே சரின்னு கேப்பீங்க. இல்லை. அன்னிக்கு ஃப்ளாஷை அணைச்சுட்டு, வானத்துக்கு அளந்து எடுத்திருந்தா ஆயா வெறும் கறுப்பு நிழலாத்தான் வந்திருப்பாங்க. முகத்துக்கு அளந்திருந்தா வானம் வெளுத்திருக்கும். ரெண்டும் வேணும்னா ரெண்டு குழாயும் வேணும். அளவாத் திறக்கணும், அவ்வளவுதான்.

அந்த அளவைக் கண்டுபுடிக்க நான் பண்ணினது இதுதான். ஒரு நாப்பது பக்க நோட்டு. பொறுமையா உட்கார ஒரு ஆள் (எங்க வீட்டு தங்கமணி, அதுக்கு அப்புறம் நான் கொடுத்த விலை தனிப் பதிவுக்கான மேட்டர் :-)). கேமராவும் ஃப்ளாஷும் ரெண்டுமே மேனுவல். மொதல்ல ஃப்ளாஷை அணைச்சுட்டு, வானம் கண்ணுக்குத் தெரியற மாதிரியே வர்ற வரைக்கும் ஷட்டரை மாத்தினேன். அதை அப்படியே வெச்சுட்டு ஃப்ளாஷை அதோட ஆகக் குறைஞ்ச பவர்ல ஆரம்பிச்சு ஒவ்வொரு படியா ஏத்தினேன். ஒவ்வொண்ணும் நோட்டுல. அப்புறம் ஸ்கிரீன்ல பார்த்து, 'ஃப்ளாஷ் அடிச்சிருக்கான்னே சந்தேகமா இருக்கு'ன்னு தோணற படத்துக்கு ஒரு டிக். நல்ல அளவுங்கிறது பெரும்பாலும் அந்தச் சந்தேகம் வர்ற இடத்துலதான் இருக்கு.

என் நோட்டுல அந்திக்கு இருக்கற கணக்கு: ஐ.எஸ்.ஓ. 400, அப்பர்ச்சர் எஃப் 4, கேமரா மேல மாட்டற சாதா ஃப்ளாஷ் 1/64 பவர்ல, அது மேல வெள்ளைக் கைக்குட்டை ஒண்ணு, ஆள் ரெண்டு மீட்டர் தூரத்துல. ஃப்ளாஷ் கேமரா மேல இல்லாம ஒரு முழம் இடதுபக்கம், ஒயர்லயோ ட்ரிக்கர்லயோ. ஷட்டர் 1/125-ல ஆரம்பிக்கும். வானம் மங்க மங்க 1/60, 1/30னு ஷட்டரை மட்டும் இறக்கிக்கிட்டே வரலாம், முகத்துல விழற ஃப்ளாஷ் மாறாது. மலையில பொழுது ஓடற ஓட்டத்துக்கு இந்த ஒரு வித்தை தெரிஞ்சிருந்தாப் போதும். 1/30-க்குக் கீழ போனா ஆள் அசையாம இருக்கணும், இல்லேன்னா உருவத்தைச் சுத்தி ஒரு பேய் நிக்கும்.

இதை அப்படியே காப்பி அடிக்காதீங்க. உங்க ஃப்ளாஷ் வேற, உங்க கைக்குட்டை வேற (துவைச்சது வேற, துவைக்காதது வேற). எப்படிக் கண்டுபுடிச்சேன்ங்கிறதை எடுத்துக்குங்க, நம்பரை விட்டுடுங்க.

நோட்டு சொல்லிக் கொடுத்த இன்னும் மூணு விஷயம்.

ஒண்ணு, ஃப்ளாஷ் ராத்திரிக்கு மட்டும்னு நெனச்சிருந்தேன், நேர்மாறு. உச்சி வெயில்ல கண்ணுக்குழி ரெண்டும் இருண்டு, மனுசன் மண்டையோடு மாதிரி வருவான் பாருங்க, அங்கதான் அது தேவை. வெயில் பளீர்னு அடிச்சா ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 16, ஷட்டர் 1/100ங்கிறது பழைய ஃபிலிம் காலத்துக் கணக்கு. நிறைய கேமராவுல ஃப்ளாஷோட ஷட்டர் 1/200, 1/250க்கு மேல போகாது, அதனால 1/200, எஃப் 11. எல்லாரும் கிண்டல் பண்ற, கேமராவோட கூடவே வர்ற அந்தக் குட்டி ஃப்ளாஷ், இந்த வெயில்ல ரெண்டு மீட்டர்ல கண்ணுக்குழியை நிரப்பற அளவுக்குத்தான் சரியா எட்டும். ராத்திரி வில்லன், மத்தியானம் ஹீரோ.

ரெண்டு, "கூரையில பவுன்ஸ் பண்ணு"ன்னு புத்தகத்துல எழுதியிருப்பாங்க. அவங்க வீட்டுக் கூரை வெள்ளை. மலையில புல்லுக் கூரையில அடிச்சா பாதி வெளிச்சத்தை அது தின்னுடும், மீதி பழுப்பாத் திரும்பி வரும். நான் கொடிக்கயித்துல ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டு அதுல பவுன்ஸ் பண்ணுவேன். அகலமான, மெத்துனு ஒரு வெளிச்சம். ஆசாரி சொன்ன மாதிரி வேட்டி வாசல் இருக்கற பக்கமே இருக்கணும், எதிர்ப்பக்கம் கட்டினா முகத்துக்கு ரெண்டு சூரியன் ஆயிடும்.

மூணு, ஃப்ளாஷ் மத்தியான வெயில் நிறம், கிட்டத்தட்ட 5500 கெல்வின். அந்தி வெளிச்சம் ஆரஞ்சு. ரெண்டையும் அப்படியே கலந்தா முகம் மட்டும் நீலம் பாரிச்சு வெட்டி ஒட்டின மாதிரி நிக்கும். ஃப்ளாஷ் மேல வெளிர் ஆரஞ்சு ஜெலட்டின் பேப்பர் ஒரு துண்டு ஒட்டினா சரியாயிடும்.

"எங்கிட்ட போன்தான் இருக்கு"ங்கறவங்களுக்கு: போன்ல இருக்கறது ஃப்ளாஷ் இல்லை, சின்ன எல்.ஈ.டி. விளக்கு. அதை அணைச்சுடுங்க. பக்கத்துல ஒருத்தரை இன்னொரு போனோட டார்ச்சை வெள்ளைத் தாள்ல அடிச்சுத் திருப்பிவிடச் சொல்லுங்க. ஸ்கிரீன்ல வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைங்க. தத்துவம் ஒண்ணுதான்.

கடைசியா ஒண்ணு, செட்டிங்ல சேராதது. 1880கள் கடைசியில நியூயார்க் சேரிகளை ஜேக்கப் ரீஸ் ஃப்ளாஷ் பவுடர் கொளுத்திப் படம் எடுத்தார். ஏழைங்க படற பாட்டை ஊருக்குக் காட்டினார், நல்ல காரியம். ஆனா தூங்கிட்டு இருந்தவங்க மேல ராத்திரியில போய்க் கொளுத்தினதும் உண்டு, ரெண்டு தடவை வீடே தீப்புடிச்சதை அவரே எழுதியிருக்கார். மலைக்குக் கேமராவோட போற நாமளும் பாதி ரீஸ்தான். முறம் வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கறவங்க மூஞ்சியில கேக்காம பளீர்னு அடிக்கறோம், அவங்க கண்ணைக் கசக்கறதுக்குள்ள பைக்கை எடுத்துடறோம். மொதல்ல கேளுங்க. ஒரு தடவை அடிச்சுக் காட்டுங்க. எடுத்ததை அவங்க கையில கொடுத்துப் பார்க்க வைங்க. ஆயாவுக்கு நான் படத்தைக் காட்டவே இல்லைங்கிறது இப்பத்தான் உறைக்குது. காட்டியிருந்தா அவங்களே சொல்லியிருப்பாங்க, "இது யாரு சாமி"ன்னு.

2023 மார்கழியில திரும்ப அங்க போனேன். அதே திண்ணை, அதே நேரம். இந்தத் தடவை நண்பனோட அம்மா. இப்ப அவங்களுக்கும் நரைச்சாச்சு. வேட்டி, கைக்குட்டை, நோட்டு, எல்லா ஆர்ப்பாட்டத்தோடயும் இருபது நிமிசம் உட்கார வெச்சுட்டேன். எடுத்ததைக் கையில கொடுத்தேன். வானம் இருந்துச்சு, மரவள்ளி இருந்துச்சு, கறுப்புக் கறுப்பாவே இருந்துச்சு. கொஞ்ச நேரம் பார்த்துட்டு, சிரிச்சு, கண்ணு ரெண்டும் காணாமப் போக, "எங்கம்மா மாதிரியே இருக்கேன்ல தம்பி?"ன்னாங்க.

ஆமாம்மான்னேன். உள்ள சுவத்துல அந்தச் சுண்ணாம்பு முகம் இன்னும் மாலையோட தொங்கிட்டுத்தான் இருக்கு. அதை மாத்த என்கிட்ட வேற படம் இல்லை.

வர்ற ஞாயித்துக்கிழமை உங்க வீட்டு ஆயாவையோ தாத்தாவையோ திண்ணையிலயோ பால்கனியிலயோ உட்கார வைங்க. ஒரு நோட்டு எடுத்துக்குங்க. ஒரே படத்தோட நிறுத்திக்காதீங்க.

டிஸ்கி: தங்கமணி இதைப் படிச்சுட்டு, "நோட்டுக்காக எடுத்த முன்னூறு படத்துல என் படம்னு ஒண்ணாவது பிரிண்ட் போட்டிருக்கீங்களா?"ன்னு கேட்டாச்சு. நாளைக்கு லேபுக்குப் போறேன் மக்களே. வர்ட்டா...